ஒப்ளிகாட்டோ என்றால் கட்டாயம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் நான் வயலின் வாசிக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டு எடுத்தோம். வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தனியாகப் பாட, அவள் குரலைச் சுற்றி என் வயலின் வர வேண்டும். இசைத்தாளில் என் வரிக்கு மேலே 'ஒப்ளிகாட்டோ' என்று போட்டிருந்தது.

கடைசி ஒத்திகையில் கொயர் மாஸ்டர் என் பகுதியை எடுத்துவிட்டார். அவர் நாவலூரில் ஐ.டி. மேனேஜர். தன் புதுக் கீபோர்டிலேயே அதையும் வாசித்துவிடுவாராம்.

"சிஸ்டர், அது ஒப்ளிகாட்டோதானே. இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது இத்தாலியச் சொல். கட்டுவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. கடமைப்பட்டது, விடக்கூடாதது என்று பொருள். ஒரு வாத்தியத்தின் பெயரோடு அதை எழுதினால், இது இல்லாமல் பாட்டை எடுக்காதே என்று அர்த்தம். சொன்னேன். அவர் போனைத் தேய்த்து நீட்டினார். விட்டுவிடலாம் என்ற அர்த்தமும் அதில் இருந்தது. யாரோ தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பே அகராதிக்குள் ஏறிவிட்டது. எத்தனை பேரை ஒதுக்கிவிட்டு வாசித்திருந்தால் ஒரு சொல் இப்படித் தலைகீழாகும்?

பாடும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள்மேலும் கோபம் வந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையன்று வயலினோடுதான் போனேன். குழுவோடு நிற்காமல் முன் பெஞ்சில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா, பிரச்சினை ஆயிடும்," என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. கீபோர்டில் என் வரி கொழகொழவென்று வழிந்தது. முதல் சரணம் முடிந்து அவள் மூச்சு வாங்கியபோது எழுந்து நின்று வாசித்தேன். முதல் இழுப்பில் வில் கரகரத்தது. அவள் திரும்பி, என்னைப் பார்த்தபடியே மிச்சத்தைப் பாடினாள். சற்று நேரத்தில் கீபோர்டு ஓய்ந்தது.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கொயர் மாஸ்டர் வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர். அடுத்த வருஷம் உங்களையும் சேத்துக்கலாம்."

சேர்த்துக்கொள்ள இவர் யார்? வாயைத் திறந்திருந்தால் கையிலிருந்த கேக் அவர் சட்டையில் போயிருக்கும்.

அடுத்த ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் போய், கீபோர்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.