என் முகத்துக்காக அப்பா கொடுத்த வாக்கு

நான் ரக்பி ஆடத் தொடங்கிய முதல் வருடம், என்னை அப்பா அடிக்கிறார் என்று மும்பை தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்து, எங்கள் கல்லி, முழுக்க நம்பியது.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து மண்ணில் சாய்க்க வேண்டும். டேக்கிள் என்பார்கள். ஓட்டத்தில் நான் சுமார்தான். ஆனால் என் கைக்குச் சிக்கியவள் தப்பியதில்லை. அதனால் கன்னத்தில் கன்றல், உதட்டில் தையல், கண்ணுக்குக் கீழே நீலம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

மாட்டுங்காவில் கல்லூரி முடிந்து பயிற்சிக்குப் போவது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் கிளாஸ் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அரை டிராயர் போட்டுக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுகிற ஆட்டம் என்று தெரிந்தால் ஊருக்குப் போன் பறக்கும். மாமாக்கள் மாப்பிள்ளையோடு வந்து நிற்பார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிற பெண்ணின் முகம் ஏன் வீங்குகிறது என்று யாராவது யோசிப்பார்களே, அது எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்கள் கல்லியில் பாதிப்பேர் ஒரே ஊர்க்காரர்கள். குடும்பச் சண்டை, குழாயடிச் சண்டை எல்லாம் ஊர்ச் சங்கத்துக்குத்தான் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம்.

"வயசுக்கு வந்த பிள்ள மேல கை நீட்டலாமா வே? குடிச்சா எல்லாம் மறந்துருமோ?" என்றார் சங்கத் தலைவர்.

அப்பா பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். குடித்ததே இல்லை. என்னைச் சனியனே என்றுகூட வைததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு தலைவரின் மேசையைக் கவிழ்த்திருப்பேன். வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"தப்புதான் அண்ணாச்சி," என்றார் அப்பா. "இனிமே பிள்ள முகத்துல ஒரு காயம் பாக்க மாட்டிய."

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏன்ப்பா ஒத்துக்கிட்டிய? நான் போயி உள்ளதச் சொல்லுதேன்."

"சொன்னா நாளைக்கே உன்ன ஊருக்கு ரயிலேத்தச் சொல்லுவாவ. என்னய என்ன வேணாலும் பேசிட்டுப் போறாவ. நீ வெளாடு."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். என் முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அப்பா சொன்ன சொல் தவறியவர் ஆகிவிடுவார். மைதானத்தில் இறங்கியபோது வேறெதுவும் மனதில் இல்லை. எதிரணிப் பெண் பந்தோடு நேராக என்னை நோக்கி வந்தாள். தோளைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தாள். அடுத்தவளையும் அப்படியே விட்டேன். பயந்துவிட்டாயா என்று கோச் இந்தியில் கேட்டார். ஆமாம், பயம்தான். யாருக்காகப் பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? அணியில் என்னை எடுக்கவில்லை.

சயான் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். எதிர்வீட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கப்பா திருந்திட்டாவ போலுக்கே," என்று சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா எனக்காகக் காத்திருந்தார். தாடையைப் பிடித்து முகத்தை டியூப்லைட் பக்கம் திருப்பினார். ஒரு கன்னத்தைப் பார்த்தார், மறு கன்னத்தைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏட்டி, ஒரு காயமும் இல்லையே. நீ ஒருத்தியக்கூடப் பிடிக்கலியா?"