அட்டையில் இருந்த ஐந்தாவது பெயர்

நேசமலர் சங்கக்கடையில் வேலை பார்த்தாள். மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய் போகும் பாதையில் இருந்த சின்னக் கடை அது. அரிசியும் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுப்பதும், குடும்ப அட்டைகளில் பதிவதும் அவளுடைய வேலை. ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் நின்று இரண்டு வார்த்தை கதைப்பவர்கள் வரவரக் குறைந்து, கடைசியில் ஒருவரும் இல்லை என்றாகிவிட்டது.

மகள் சுகிர்தா 1981இல் பிறந்தவள். ஒன்றரை வயதில் அம்மா, தண்ணி, காகம் என்று மூன்று சொல் சொன்னாள். இரண்டு வயது முடிந்தபோது அந்த மூன்றும் நின்றுவிட்டன. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பார்த்தால், அடுத்த அறையில் விசுக்கோத்துப் பேணி திறக்கும் சத்தத்துக்கு ஓடிவருவாள். கொழும்பில் கிளாக்கராக இருந்த அவளுடைய தகப்பன் இராசசிங்கம், 1983 ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியதும் அந்த நாட்களில்தான். கலவரத்துக்குப் பயந்துதான் பிள்ளைக்குப் பேச்சு நின்றது என்று சொந்தக்காரர் சொன்னார்கள். பிள்ளை கொழும்பையே கண்டதில்லை என்று நேசமலர் ஒவ்வொருவருக்கும் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

காட்டாத இடமில்லை. ஒரு வைத்தியர் மூளை வளர்ச்சி குறைவு என்றார். இன்னொருவர், தாய் பிள்ளையோடு கதைப்பது போதாது என்றார். அதைக் கேட்டு ஒரு மாதம் முழுவதும் நேசமலர் வாய் ஓயாமல் மகளோடு கதைத்தாள். சுகிர்தா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

1985இல் இராசசிங்கம் ஜேர்மனிக்குப் போனான். மூன்று வருடம் ஒழுங்காகக் கடிதம் வந்தது. நான்காவது வருடம் வந்த கடிதத்தில், பிள்ளையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு முதலில் நீர் வாரும், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்று எழுதியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. கடிதம் முழுவதும் அவளுடைய உடம்பைப் பற்றித்தான் விசாரித்திருந்தான். நேசமலர் அதை நாலைந்து தரம் வாசித்துவிட்டு, வரமுடியாது என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். அடுத்த நத்தாருக்கு, பாலன் யேசு படம் போட்ட வாழ்த்து மட்டை ஒன்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போவதை அவளே நிறுத்திக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்ததும் சுகிர்தா கத்தத் தொடங்குவாள். எல்லாத் தலைகளும் திரும்பும். வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

1990இல் திரும்பவும் சண்டை தொடங்கி, குண்டுபோடும் பொம்மர் வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் செபநாயகம் வளவில் நல்ல பங்கர் ஒன்று வெட்டி, பனங்குற்றிகள் அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தார். முதல் நாள் நேசமலரையும் மகளையும் அவர்தான் கூப்பிட்டு உள்ளே இறக்கினார். இருட்டும் நெரிசலும் பட்டதும் சுகிர்தா வீரிட்டுக் கத்தி, முன்னால் இருந்த கிழவியின் கையைக் கடித்துவிட்டாள். செபநாயகம் கோபப்படவில்லை. ஆனால் அடுத்தமுறை சத்தம் கேட்டபோது அவர் கூப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு ஊரெல்லாம் நிலத்துக்குக் கீழே இருக்கும்போது, தாயும் மகளும் மட்டும் தங்கள் வீட்டு வளவில் பலாமரத்தடியில் இருந்தார்கள். சுகிர்தா தலையை முன்னும் பின்னும் ஆட்டியபடி இருப்பாள். நேசமலர் மரத்தோடு முதுகைச் சாய்த்து, அவள் மேல் கவிழ்ந்துகொள்வாள். பயத்தைவிட அந்த நேரத்து வெறுமைதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஊர் முழுக்க அவர்கள் இருவர் மட்டும்.

அடுத்த வருடம் நிவாரணத்துக்காகப் புதிய அட்டைகள் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், என்ன வயது, எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் பதியவேண்டும். பரமலிங்கம் என்ற வெங்காயத் தோட்டக்காரரின் அட்டையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர், மனைவி ஞானாம்பிகை, இரண்டு மகள்மார், குகதாசன் என்று பன்னிரண்டு வயது மகன். மற்ற நால்வரையும் நேசமலர் வாராவாரம் கடையில் கண்டிருக்கிறாள். மகனை ஒருநாளும் கண்டதில்லை. வீட்டார் நிரப்பித் தந்த படிவத்தில், அவனுடைய பள்ளிக்கூடம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு கீறியிருந்தது. பேனையை வைத்துவிட்டு அந்தக் கோட்டையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். ஞானாம்பிகை படலையைத் திறக்காமல் உள்ளே நின்றபடி என்ன விசயம் என்று கேட்டாள். அட்டையில் ஒரு விளக்கம் கேட்க வந்ததாகச் சொல்லத்தான் நேசமலர் வரும்போது நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"என்ரை பிள்ளையும் கதைக்காது, அக்கா."

ஞானாம்பிகையின் முகம் இறுகிப்போயிற்று. "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். சுகிர்தாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள். அவமானத்தில் நேசமலருக்குக் காது சூடேறியது. வந்த வழியே நடந்தாள்.

இரண்டு கிழமை கழித்து, கடை பூட்டுகிற நேரத்தில் ஞானாம்பிகை வந்தாள். அன்று அவளுடைய அட்டைக்குச் சாமான் கொடுக்கும் நாள் இல்லை. நிறுவைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நேசமலரின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, சனிக்கிழமை பின்னேரம் வரச்சொன்னாள். அவர் வெங்காயம் கொண்டு சந்தைக்குப் போய்விடுவார் என்றாள்.

இப்படித்தான் அது தொடங்கியது. அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. சங்கம் என்றோ குழு என்றோ அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சனிக்கிழமை என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் கனிசியஸ். மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். இடம்பெயர்ந்து வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பங்களோடு இருந்தார். நிவாரண வரிசையில் அவருடைய சைக்கிள் பாரில் இருந்த ஏழு வயது மகன் அன்ரன் கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டியபடி இருப்பதை நேசமலர் கண்டாள். இந்தமுறை அவள் சுற்றிவளைக்கவில்லை. சனிக்கிழமை வாங்கோ அண்ணை என்று இடத்தைச் சொன்னாள். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மூவரும் முதல் சனிக்கிழமை கூடியது ஞானாம்பிகை வீட்டுக் கிணற்றடியில். தொட்டியில் தண்ணீர் நிரப்பி வாய்க்காலில் திறந்துவிட்டிருந்தார்கள். குகதாசன் ஓடும் தண்ணீரில் கையை வைத்து மூக்கால் ஏதோ இராகம்போல இழுத்துக்கொண்டிருந்தான். அன்ரன் அதே வாய்க்காலின் மறுபக்கம் குந்தினான். சுகிர்தா இரண்டு பேருக்கும் எட்ட, வரப்பில் இருந்தாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பெரியவர்களும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று நேசமலர் சொன்னாள்: "நான் இவளைக் கட்டிலிலை கட்டிப்போட்டிட்டுத்தான் வேலைக்குப் போறனான்."

சொன்னபிறகு அவள் தலையை நிமிர்த்தவில்லை. இனி இவர்களும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

ஞானாம்பிகை கேட்டாள்: "எதாலை கட்டுறனீங்கள்?"

"சீலைத்துண்டாலை."

"அது பறவாயில்லை. நாங்கள் முதலிலை கயிறு போட்டு, இவன்ரை காலிலை தோலெல்லாம் உரிஞ்சு போட்டுது. பிறகுதான் சீலைக்கு மாறினது."

கனிசியஸ் தலையை ஆட்டினார். நேசமலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏழெட்டு வருடத்தில் ஒருவருக்கு முன்னால் அவள் அழுதது அன்றுதான். அவர்கள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அழுது முடியும்வரை இருந்தார்கள். பிறகு ஞானாம்பிகை தேத்தண்ணி வைக்க எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை கனிசியஸ் ஒரு யோசனை சொன்னார். எனக்குக் கடலுக்குப் போக வழியில்லை, முகாமில் சும்மாதான் இருக்கிறேன், நேசமலர் வேலைக்குப் போகும் காலைநேரங்களில் மூன்று பிள்ளைகளையும் இதே கிணற்றடியில் வைத்துப் பார்க்கலாம் என்றார். பரமலிங்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று ஞானாம்பிகை பயந்தாள். தெரிந்ததும் அவர் நாலுநாள் யாரோடும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கிணற்றைச் சுற்றித் தகரம் அடித்து, பிள்ளைகள் விழாதபடி அடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவர் வந்து இருந்து கதைத்தது கிடையாது. தோட்டத்துத் தொங்கல் மூலையில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

சுகிர்தாவை அதன்பிறகு கட்டவேண்டி வரவில்லை.

அடுத்த நாலு வருடத்தில் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் படித்தவை கொஞ்சமில்லை. அன்ரன் குழம்பும்போது படகின் பழைய பாய்ச்சீலையில் இறுக்கிச் சுற்றினால் அடங்கிவிடுவான் என்று கனிசியஸ் காட்டித்தந்தார். பொம்மர் வந்தபோது நேசமலர் மகளை அப்படிச் சுற்றிப் பார்த்தாள், ஆட்டம் நின்றது. சோறும் கறியும் ஒன்றோடொன்று தொடாமல் வைத்தால் குகதாசன் சாப்பிடுவான் என்பதை நேசமலர் கண்டுபிடித்தாள். இதையெல்லாம் மூவரும் சனிக்கிழமைகளில் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். வேறு யாருக்கும் அது கதையே இல்லை. மற்ற ஆறு நாளும் ஊர் எப்போதும்போல அவளை விலத்திக்கொண்டுதான் போனது.

1993இல் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றோடு வந்த ஒரு வைத்தியர் சுகிர்தாவைப் பார்த்து, ஒரு துண்டில் ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தார். மருந்து இல்லை, தாய் தகப்பனின் பிழையும் இல்லை என்று மொழிபெயர்ப்பவர் மூலம் சொன்னார். ஓட்டிசம் என்ற அந்தச் சொல்லை நேசமலர் மற்ற இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். ஞானாம்பிகையின் வாயில் அது லேசில் நுழையவில்லை. கனிசியஸ் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

"பேர் ஒண்டு இருக்கெண்டால், எங்களைப்போலை வேறை ஆக்களும் எங்கையோ இருக்கினம்," என்றார்.

1995 ஐப்பசி முடிகிற நேரம், இராணுவம் நெருங்கி வருகிறது, எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சொல்லிக்கொண்டு போனது. விடிந்ததும் நேசமலர் சைக்கிளில் இரண்டு பையைக் கட்டிக்கொண்டு, முதலில் ஞானாம்பிகையிடம் போனாள். படலை திறந்து கிடந்தது. மகள்மாரைச் சொந்தக்காரரோடு அனுப்பியாயிற்று. பதினாறு வயதுக் குகதாசன் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். மூன்று தரம் தூக்கிப் பார்த்த பரமலிங்கத்தின் தோளில் கடிபட்டு இரத்தம் கசிந்தது.

"நாங்கள் நிக்கிறம். உவன் படலை தாண்டமாட்டான்," என்றாள் ஞானாம்பிகை.

தானும் நிற்பதாக நேசமலர் சொன்னாள். ஞானாம்பிகை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வருடத்தில் தொட்டுக் கதைத்தது அதுதான் முதல்தரம்.

"உங்கடையது பொம்பிளைப்பிள்ளை. இஞ்சை வைச்சிருக்காதேங்கோ. போங்கோ, நேசமலர்."

நாவற்குழிப் பாதையில் சனம் அடி எடுத்துவைக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு போனது. மழையும் பிடித்துக்கொண்டது. செம்மணி வெளியில் வந்ததும் சுகிர்தா நடு றோட்டில் குந்திவிட்டாள். இழுத்தால் கத்தினாள். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள்; மாட்டு வண்டிலை நிறுத்தமுடியாமல் ஒருவர் விலகச் சொல்லிக் குளறினார். நேசமலர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பையில் இருந்த பொலித்தீன் விரிப்பை எடுத்து மகளை இறுக்கிச் சுற்றி, கட்டிப்பிடித்தபடி அந்தச் சேற்றிலேயே இருந்தாள். சனம் இரண்டாகப் பிரிந்து அவர்களைச் சுற்றிப் போனது. ஒரு மணித்தியாலம் இருக்கும். வயதான ஒருவர் மட்டும் நின்று, பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்.

"ஓட்டிசம்," என்றாள் நேசமலர். அந்நியர் ஒருவருக்கு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல்தரம். அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சுகிர்தா எழும்பும்வரை நின்றார். நாவற்குழிப் பாலம் தாண்டியபின் கூட்டத்தில் அவரைக் காணவில்லை.

கொடிகாமத்துக்கு அப்பால், தென்னந்தோப்பு ஒன்றில் தேங்காய் போட்டுவைக்கும் கொட்டில் கிடைத்தது. அந்த மாரி முழுவதும் இருவரும் அதிலேயே இருந்தார்கள். பக்கத்துக் கொட்டில்களில் சனம் நிறைய இருந்தது. சுகிர்தாவின் சத்தம் கேட்டதும் அவர்கள் தங்கள் அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்தால் நேசமலருக்கு இருப்புக்கொள்ளாது. பின்னேரம் இரண்டு மணிபோல எழுந்து தோப்பின் எல்லைவரை நடப்பாள். அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். கதைக்க ஆளில்லாமல் அவளுடைய குரலே அவளுக்கு வேறாகக் கேட்கத் தொடங்கியது.

நத்தாருக்கு நாலு நாள் முன்னதாக, கிளாலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கசங்கிய கடிதம் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். கனிசியஸ் யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். கடல்தாண்டிப் போய் அக்கராயனில் காட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், அன்ரனுக்கு ஆளரவமில்லாத அந்த இடம் பிடித்திருப்பதாகவும், ஒரு மாதமாகத் தலையை அடித்துக்கொள்ளவில்லை என்றும் இருந்தது. ஞானாம்பிகை வீட்டாரைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டீர்களா என்று கடைசியில் கேட்டிருந்தார். நேசமலர் ஒன்றும் கேள்விப்படவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் யாருக்கும் வரவில்லை.

அன்று பின்னேரமே பதில் எழுதக் குந்தினாள். ஞானாம்பிகையைப் பற்றித் தெரியாது என்பதை முதல் வரியில் எழுதினாள். அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது என்று முதலில் யோசித்தாள். பிறகு, சுகிர்தா பச்சைத் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகள் மட்டும்தான் சாப்பிடுகிறாள் என்று எழுதினாள். மழை ஓட்டில் விழுவதைவிடக் கிடுகுக் கூரையில் விழும் சத்தம் அவளுக்குப் பிடித்திருக்கிறது, காலில் புண் ஆறிவிட்டது, வெள்ளிக்கிழமை காலை ஒருதரம் என் முகத்தைப் பார்த்தாள் என்று எழுதினாள். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியபின் ஓரங்களிலும் சுற்றிச்சுற்றி எழுதினாள். கொண்டுபோக ஆள் எப்போது வரும் என்று தெரியாது. வெளிச்சம் போகும்வரை எழுதிக்கொண்டிருந்தாள்.