கால எடுத்தா கத்தற பெடல்

இத எழுதாமயே உட்டுரலாம்னுதான் இருந்தேன். கடைய சாத்தீட்டு ரூமுக்கு வந்தா கையெல்லாம் சால்ட்ரிங் வாசம், கண்ணு எரியுது, இதுல பேனாவா புடிக்கறது. ஒம்பதாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன் நானு. பரிச்சைல பத்து வரி எழுதச் சொன்னா ஆறாவது வரியில எனக்குத் தூக்கம் வந்துரும். ஆனா போன வாரங்கூட ஒருத்தன் போன் பண்ணி, "அண்ணா, டோன் பெடல்ல ஸ்ப்ரிங் எங்க மாட்டறது?"ன்னு கேக்கறான். ஸ்ப்ரிங்குனு காதுல உழுந்ததும் எனக்கு உள்ளங்கை வலிக்குது. ஒருக்கா எழுதிப் போட்டுட்டா ஆளாளுக்குத் தனித்தனியாச் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. அதுக்குத்தான் இது.

1. அக்கா கொண்டாந்த சரக்கு

சேலத்துல ஒரு ஆம்ப்ளிபயர் சர்வீஸ் கடையில ஆறு வருசமா இருக்கறேன். மைக் செட்டும் வாடகைக்கு உடறோம். மண்டபத்து ஆம்ப்ளிபயரு, எரிஞ்சு போன ஸ்பீக்கரு, இதுகளோட மாரடிக்கறதுதான் பொழப்பு. ஒண்ணத் தெறந்தா பாதி ஒயரு, பாதி கரப்பான்பூச்சி. இன்னிக்கு ரெடி பண்ணிக் குடுத்தது அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி வந்து நிக்கும். அலுப்புத் தெரியாம இருக்க வாய ஆட்டிக்கிட்டே இருப்பேன். மொதலாளி சொல்லுவாரு, "உன் வாயி செய்யற வேலையில பாதிய உன் கையி செஞ்சா நான் வேற கடையே வெச்சிருப்பேன்டா."

அப்படி ஒரு மத்தியானம் ஸ்டெல்லாக்கா வந்தாங்க. லாரி புக்கிங் ஆபீஸ்ல பில்லு போடறவங்க, வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். அவங்க சர்ச்சு பாட்டுக்குழுவுல ஸ்டீல் கிட்டார் வாசிக்கறாங்க. அது நெஞ்சோட அணைச்சுப் புடிக்கற கிட்டார் இல்லீங்க. மடியில படுக்க வெச்சு, எடது கையில ஒரு இரும்பு உருளையப் புடிச்சுக் கம்பி மேல வழுக்கோணும். வலது கையில விரலுக்கு உறை மாட்டி மீட்டோணும். ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. சத்தத்தக் கூரா ஆக்கறதுக்கும் மெத்துனு ஆக்கறதுக்கும் காலுதான் மிச்சம். அதுக்குத்தான் டோன் பெடல்.

பையிலிருந்து அத எடுத்து மேசை மேல வெச்சாங்க.

"ஏனுங்கக்கா, தையல் மிசின் மிதிய இங்க கொண்டாந்திருக்கீங்க? டைலர் கடை எதுத்தாப்புலங்க" அப்படின்னேன்.

அக்கா சிரிக்கல. "விளையாடாத தம்பி. உள்ள பல்லு தேஞ்சு போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை திருவிழாப் பூசை. அதுக்குள்ள வேணும்."

"அவசரமுங்களா?"

"பாட்டுக்குழு மாஸ்டர் ஆல்பர்ட் சார் சொல்லிட்டாரு. என் கிட்டார் ஊசியாட்டம் குத்துதுன்னு பெரியவங்க கம்ப்ளைன்ட் பண்றாங்களாம். திருவிழா அன்னிக்கு ஒருத்தர் மூஞ்சியச் சுளிச்சாலும், அப்புறம் கீபோர்டே போதுமாம்." பெடலத் தடவிக்கிட்டே சொன்னாங்க. "பதினஞ்சு வயசுல அந்தப் பாட்டுக்குழு பெஞ்சுல உக்காந்தேன் தம்பி. வாரத்துல ஆறு நாளு லாரிக்காரங்களோட கத்தறேன். அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு."

தெறந்து பாத்தேன். வெளிநாட்டுப் பெடல். உள்ள இருந்த பல்லுச் சக்கரம் மாவா ஆயிருந்துச்சு. அந்த சைஸ் பல்லு சேலத்துல எங்க தேடியும் கெடைக்கல. "புதுசா ஒண்ணு நானே செஞ்சு தாரேனுங்க்கா"ன்னு சொல்லீட்டேன். சொல்றதுக்கென்ன.

2. எங்கூட்டு மிதி

குமாரபாளையத்துல எங்க ஊட்டுல தறி. நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே மிதிக்கட்டையப் பாத்தவன் நானு. மிதின்னா எங்களுக்கு ஒரே அர்த்தந்தான். மிதிச்சா கீழ போகோணும், கால எடுத்தா தானா மேல வரோணும். வராத மிதி கெட்டுப்போன மிதி.

அதே புத்தியிலதான் இதையும் செஞ்சேன். உள்ள ஒரு கன்ட்ரோல், ரேடியோவுல திருகற குமிழாட்டம், அதோட தண்டுல தறிக்கயிறு நாலு சுத்து. பலகைய மிதிச்சா கயிறு இழுத்துக் கன்ட்ரோல் திரும்பும், சத்தம் மெத்துனு ஆகும். கால எடுத்தா ஸ்ப்ரிங் இழுத்துப் பழையபடி கூராக்கிரும். ஸ்ப்ரிங்கு விசைத்தறி ஸ்ப்ரிங்கு. அது பத்து வருசம் ஆனாலும் தளராது, எங்க அப்பாரு கோவமாட்டம்.

மேல் தகடு என் கூட்டாளி செந்திலு போட்டுக் குடுத்தான். லேத்துப் பட்டறையில இருக்கறான். லாரி புட்போர்டுக்குப் போடற பொடப்பு பொடப்பா இருக்கற தகடு, வழுக்காது. கிரைண்டர்ல வெட்டறப்ப அவன் ஏதோ சொன்னான். அந்தச் சத்தத்துல எவன் கேட்டான், தலைய ஆட்டீட்டு வாங்கீட்டு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாங்க. கடை ஸ்டூல்ல உக்காந்து, செருப்புக் காலோட ரெண்டு நிமிசம் மிதிச்சுப் பாத்தாங்க.

"வெறப்பா இருக்கே தம்பி."

"பில்லு போட்டுப் போட்டுக் காலு மரத்துப் போச்சுங்க்கா. இது எக்சர்சைசு. பூசையும் ஆச்சு, காலும் தேறுச்சு. தனியா ஜிம்முக்குப் போகத் தேவையில்லீங்க."

மொதலாளி சிரிச்சாரு. அக்காவும் லேசா சிரிச்சு, பெடலப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அவங்க கேட்டது கேள்வி. நான் அத ஜோக்காக்கி அடைச்சுட்டேன். இத இப்ப எழுதறப்ப சுலபமாத் தெரியுது.

3. எல்லாரும் மண்டி போட்டப்ப

திருவிழாவுக்கு மைக் செட்டு எங்க கடையிலிருந்துதான். மூணு நாளாத் தூக்கம் இல்லாம ஒயரு இழுத்து, ஞாயித்துக்கிழமை காலையில மிக்சர் பக்கத்துல உக்காந்திருந்தேன். பாட்டுக்குழு எனக்கு ரெண்டு கையெட்டுற தூரம். செருப்ப எல்லாரும் வெளியவே உட்டுட்டுத்தான் உள்ள வரோணும். நானும் உட்டுட்டு வந்தேன். அப்பவும் எனக்கு ஒண்ணும் உறைக்கல.

மொதப் பாட்டுல அக்கா கிட்டாரு பஞ்சாட்டம் இருந்துச்சு. ஆல்பர்ட் சாரே திரும்பிப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. நான் மனசுக்குள்ள எனக்கே மாலை போட்டுக்கிட்டேன்.

மூணாவது பாட்டுலதான் அக்கா முழங்காலப் பாத்தேன். சீலைக்குள்ள கிடுகிடுன்னு ஆடுது. வெறுங்காலு. கீழ அந்த லாரித் தகடு. அவங்களுக்குப் பூசை முழுக்க மெத்துனுதான் சத்தம் வேணும், அதனால முழுக்க அமுக்கியே புடிச்சிருக்காங்க. தறியில ஒரு மிதிய அமுக்குனா அடுத்த நொடி உட்டுருவோம். இவங்க அரை மணி நேரமா உடவே இல்ல. வலது கால் பத்தாம எடது காலையும் அது மேல தூக்கி வெச்சிருந்தாங்க.

அப்பத்தான் மணி அடிச்சாங்க. அத்தன சனமும் மண்டி போட்டுச்சு. கொழந்தைங்க கூட கம்முனு ஆயிருச்சு. அக்கா மட்டும் உக்காந்தே இருக்காங்க. ஆல்பர்ட் சாரு மண்டி போட்டபடியே கண்ண உருட்டறாரு.

அக்கா கால எடுத்தா டோன் தெறந்துரும். அந்த அமைதியில, என் மிக்சருக்கு வராத அவங்க தனி ஆம்ப்ளிபயர் 'ஸ்ஸ்ஸ்'னு பாம்பாட்டம் சீறும். கிட்டார்ல இருக்கற வால்யூம் குமிழக் கொறைக்கலாம்னா, அதத் திருகினா கரகரங்கும். அதக் கிளீன் பண்ணித் தாரேன்னு சொல்லீட்டு மறந்தவனும் நான்தான்.

மண்டி போட்ட வாக்குலயே நகந்து போனேன். பாக்கறவங்களுக்கு ஏதோ வேண்டுதல்னு தெரிஞ்சிருக்கும். பெஞ்சுக்கு அடியில கைய உட்டுப் பெடல அமுக்குனேன்.

"எடுங்க்கா, நான் புடிச்சுக்கறேன்."

அக்கா காலு மெதுவா வெளிய வந்துச்சு. உள்ளங்கால்ல பொடப்பு பொடப்பா செவந்து, ஓரத்துல ஒரு எடத்துல தோலு கிழிஞ்சிருந்துச்சு. அப்படியே கீழ எறங்கி மண்டி போட்டாங்க.

அதுக்கப்பறம் கடைசி வரைக்கும் நான்தான் பெடலு. நற்கருணை அப்பம் வாங்க வரிசை போறப்ப அக்கா தனியா ஒரு மெட்டு வாசிக்கோணும். அதுல மட்டும் சத்தம் கொஞ்சங் கொஞ்சமாத் தெறக்கோணும்.

"உடு தம்பி" அப்படின்னாங்க, உதட்ட அசைக்காம. உட்டேன்.

"இவ்வளவு வேண்டாம். பாதி."

"பாதின்னா எவ்வளவுங்க்கா?"

"வாய மூடிட்டுக் கேளு. தெரியும்."

வாய மூடிட்டுக் கேட்டேன். அப்படிக் கேட்டது என் ஆறு வருச சர்வீசுல அதான் மொதத் தடவ. அவங்க கையி உருளைய மேல தள்ளறப்ப நான் கொஞ்சம் உட்டேன், எறக்கறப்ப அமுக்குனேன். கை கடுத்துப் போயி தோள்பட்டை வரைக்கும் மரத்துருச்சு. வரிசையில போன ஒரு பெரியம்மா நின்னு கேட்டுட்டுப் போச்சு. மூஞ்சி சுளிக்கல.

பூசை முடிஞ்சதும் ஆல்பர்ட் சாரு வந்தாரு. என்னையவும் பெஞ்சுக்கு அடியிலயும் மாறி மாறிப் பாத்தாரு.

"ஸ்டெல்லா, அடுத்த வாரம் நேரத்தோட வந்துருங்க. ஆனா இந்தத் தம்பியக் கூட்டிட்டு வர வேண்டாம்."

அக்கா அப்பத்தான் வாய் உட்டுச் சிரிச்சாங்க. அப்பறம் நொண்டிக்கிட்டே போயிச் செருப்பத் தேடுனாங்க.

4. ரப்பர் ஒட்டுனது

திங்கக்கிழமை பெடலப் பிரிச்சேன். ஸ்ப்ரிங்கக் கழட்டி வீசுனேன். அச்சுல ரெண்டு தோல் வாஷர் போட்டு இறுக்குனேன், இப்ப பலகைய உட்ட எடத்துல அது நிக்கும். லாரித் தகட்டு மேல சைக்கிள் டியூப்ப வெட்டி ஒட்டுனேன். வால்யூம் குமிழையும் கிளீன் பண்ணுனேன். அக்கா வந்து செருப்பக் கழட்டீட்டு மிதிச்சுப் பாத்தாங்க. "இது பெடலு"ன்னாங்க. ஜோக்கு ஒண்ணு நாக்கு வரைக்கும் வந்துச்சு. முழுங்கீட்டேன்.

இப்ப அக்கா வாரா வாரம் வாசிக்கறாங்க. அவங்க சொல்லி வேற ரெண்டு சர்ச்சுக்கும் பெடல் செஞ்சு குடுத்துட்டேன். மத்தபடி அதே கரப்பான்பூச்சி, அதே எரிஞ்ச ஸ்பீக்கரு. கிண்டலும் கொறையல, அசதியும் கொறையல.

புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணுதான். மிதிக்கறது யாரு, எப்படி மிதிப்பாங்க, எவ்வளவு நேரம் மிதிப்பாங்கன்னு கேட்டுட்டு ஸ்பேனர எடுங்க. டெஸ்ட் பண்றப்ப செருப்பக் கழட்டீட்டு நீங்களே அரை மணி நேரம் மிதிங்க. இது எவனும் எனக்குச் சொல்லித் தரல, நானாப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

எழுதி முடிச்சு மொதல்ல செந்திலுக்குத்தான் வாட்ஸப்ல அனுப்புனேன். அவன் போட்ட பதிலு:

"செருப்பக் கழட்டீட்டு மிதிச்சுப் பாருடான்னு கிரைண்டர நிறுத்தீட்டே ரெண்டு தடவ சொன்னேன், தலைய ஆட்டீட்டுப் போனியே."