டீக்கடையில் எழுதிய ஆழம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் வேண்டாம்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில், வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளுக்காக வயல்களை மேடாக்கிக்கொண்டிருந்த நேரம். அங்கிருந்த ஓடை எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கரை எங்கே இடிந்திருக்கிறது என்று அளந்து எழுதுகிற கான்ட்ராக்ட் வேலை எனக்கு. ஆழம் இருந்தால் ஓடையை விட்டுவைப்பார்கள், தூர்ந்துபோன பள்ளம் என்று நான் எழுதினால் மூடிவிடுவார்கள். மூடினால் மழைத்தண்ணீர் பக்கத்துக் குடியிருப்புக்குள்தான் போகும். எனக்கு அளவுகோல் பிடித்த கன்னியப்பன் அண்ணனின் வீடு அங்கேதான் இருந்தது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி மூன்று இடங்களில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இறங்க முடியாத இடம் வந்தால் அதற்கு முன்னால் எடுத்த அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து டீக்கடையிலேயே எழுதிவிடுவோம். நானும் எழுதினேன், மூன்றும் முழங்கால் ஆழம். அண்ணன் எதிர்ப் பெஞ்சில் டீ குடித்தபடி என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் தங்கியிருந்த குன்றத்தூர் ரூமில் நோட்டைத் திறந்தால், நம்பினால் நம்புங்கள், அந்த மூன்றும் அடிக்கப்பட்டு மேலே வேறு அளவு இருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். ரப்பர் போடாமல் ஒற்றைக் கோடு, நான் அடிக்கிற மாதிரியே. கையெழுத்தும் என்னுடையது. நோட்டு இரவு முழுக்க என் தலைமாட்டில்தான் இருந்தது, தூக்கத்தில் எழுதினேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பயத்தை வெளிக்காட்டாமல் அண்ணனைக் கூட்டிப்போய், முள்ளை வெட்டி இறங்கி அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. ஓடை மண்ணில் ஒரே இடத்தை இரண்டு தடவை அளந்தாலே அளவு மாறும், ஐயா.

எனக்கு மேலே இருந்த இன்ஜினியரிடம் புது அளவைக் காட்டினேன். முதலில் எழுதியதே போதும், அதையே சுத்தமாகப் படியெடுத்துக் கொடு என்றார். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்று பயம். கொடுத்துவிட்டேன். ஆடிக்குள் ஓடையை மூடிவிட்டார்கள்.

ஐப்பசியில் குடியிருப்புக்குள் இடுப்பளவு தண்ணீர். அண்ணன் வீட்டுச் சுவர் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவரிடம் போய், தப்பு என்னுடையது, டீக்கடையில் எழுதியதைத்தான் கொடுத்தேன் என்று சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை.

"அன்னிக்கே நெனச்சேன் சார். நீங்க எய்த எய்த, உங்க பின்னால ஒருத்தரு குனிஞ்சு நோட்டையே பாத்துகினு நின்னாரு. உங்க ஆபீசருன்னு நெனச்சுதான் நான் வாயத் தொறக்கல. இடுப்பு வரைக்கும் ஈரச் சேறு. யாரு சார் அவரு?"

அன்றைக்கு அந்தக் கடையில் நான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.