பின் கதவில்லாத வண்டி

எங்கள் முதல் காரை 1961ஆம் ஆண்டு ஐப்பசியில் வாங்கினோம். அதற்கு ஒரு புகைப்படம்தான் காரணம்.

வாடகை நூல் நிலையத்திலிருந்து நான் வாரா வாரம் எடுத்து வரும் புத்தகங்களோடு பழைய ஆங்கிலப் பத்திரிகைகளும் இரண்டு மூன்று வரும். அவற்றில் ஒன்றில் ஸ்விட்சர்லாந்து மலைச்சரிவு ஒன்றின் படம் இருந்தது. ஒரு தகப்பன், தாய், இரண்டு குழந்தைகள். எல்லோரும் காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறார்கள். பின்னால் ஒரு சின்னக் கார், அதன் கூரை மேலும் பலகைகள். ஒன்பது வயதான என் மூத்த மகன் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"நம்ம பக்கம் எங்கம்மா பனி இருக்குது?" என்றான்.

ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை புல் வெள்ளையாக உறைந்திருக்கும், வெயில் ஏறினால் காணாமல் போய்விடும் என்று நான் படித்ததைச் சொன்னேன். சறுக்குவதற்குப் பலகை எங்கே கிடைக்கும் என்பதை அவனே யோசித்து முடித்துவிட்டான். கல்லாறு பாக்குத் தோப்புகளில் மட்டை விழுந்து கிடக்கும். அதில் உட்கார்ந்து சறுக்கலாம்.

மட்டையும் பனியும் இருந்தன. எங்கள் சிக்கல் ஏழு வயது மகள். 1959 கோடையில் ஒரு வேனை இரவல் வாங்கி ஊட்டிக்குப் போயிருந்தோம். என் கணவர் பீளமேட்டில் மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருந்தார். யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. மலைக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் சித்தப்பா வீட்டார் ஏறினார்கள், பக்கத்து வீட்டார் ஏறினார்கள், அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளும் ஏறினார்கள். ஜன்னல் ஓரங்கள் பெரியவர்களுக்குப் போயின. குழந்தைகள் நடுவில், யார் மடியிலோ. பர்லியாறு தாண்டியதிலிருந்து என் மகள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தாள். ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தப் புள்ளைய ஊட்ல உட்டுப்போட்டு வந்திருக்கலாமல்லோ" என்றாள். குழந்தை அதைக் கேட்டுவிட்டது.

இறங்கி வந்த பிறகு, "நான் இனி மலைக்கு வர மாட்டேன். நீங்க போய்ட்டு வாங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அண்ணன் அந்தப் படத்தைக் காட்டியபோதும் அதையேதான் சொன்னாள். ஆனால் அவன் தூங்கிய பிறகு பத்திரிகையை எடுத்து அந்தப் படத்தில் இருந்த சிறுமியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு மற்ற இரண்டு பையன்களையும் பனி பார்க்கக் கூட்டிப்போவதில்லை என்று நான் அப்போதே முடிவு செய்தேன்.

அந்த வருஷம் பட்டறை நன்றாக ஓடியது. கார் வாங்கலாம் என்றார் இவர். புது வண்டிக்குப் பதிந்து வைத்தால் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் கிடைக்கும். ஆகவே தரகர் ஒருவர் பழைய வண்டிகள் இரண்டைக் காட்டினார். ஒன்று, மில்காரர் குடும்பத்தில் இருந்த பெரிய கறுப்பு வண்டி. நீளமான சீட்டுகள், ஜன்னல்களுக்குத் திரைச்சீலை. இன்னொன்று, சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத் துரை ஒருவர் குன்னூரில் வைத்திருந்த சாம்பல் நிறச் சின்ன வண்டி. அதற்கு மொத்தமே இரண்டு கதவுகள். முன் சீட்டை மடக்கி, குனிந்து, அந்தச் சந்தில் நுழைந்துதான் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரிதாக எது வாங்கினாலும் பல்லடத்திலிருக்கும் இவருடைய அக்கா வந்து பார்க்க வேண்டும். நான் அவரை நங்கை என்று கூப்பிடுவேன். புருஷனின் அக்காளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, தெருவில் வந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார். "இது வண்டி. ஒரு கல்யாணத்துக்கே போய்ட்டு வந்தரலாம்" என்றார். எனக்கு அந்த 1959 வேன் நினைவுக்கு வந்தது. இவர் முகமோ மலர்ந்துவிட்டது.

சின்ன வண்டியிடம் வந்தார். தரகர் முன் சீட்டை மடக்கிக் காட்டினார். நங்கை ஒரு காலை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து பார்த்து, காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இதுக்குள்ள எப்புடிப் போறதுங்க? ஆட்டுக்குட்டியாட்ட முண்டியா?"

"இந்த வண்டிக்கு மலை ரோடு அத்துபடிங்க" என்றார் தரகர். "தொர தெனமும் இதுலதான் மலை எறங்கி ஏறுவாருங்க."

நான் மெதுவாகச் சொன்னேன்: "பின்னாடி கதவே இல்லீங்க நங்கை. சின்னவனுக்குக் கைப்பிடியக் கண்டா திருகாம இருக்க முடியறதில்லீங்க. வளைவுல கதவத் தொறந்துபோட்டா என்ன பண்றதுங்க? இதுன்னா அந்தப் பயம் இல்லீங்க."

அது உண்மைதான். எங்கள் கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயது. திறக்கக்கூடிய எதையும் அவன் திறக்காமல் விட்டதில்லை. ஆனால் அது என் காரணங்களில் பாதி. மீதிப் பாதி, சேலை கட்டிய எந்தப் பெரியம்மாளும் வேட்டி கட்டிய எந்தச் சித்தப்பாவும் அந்தச் சந்துக்குள் நுழைய மாட்டார்கள் என்பது. இவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாவிட்டால் வண்டி சொல்லட்டும். முன்னால் இவர் பக்கத்தில் நான், என் மடியில் மகள், அவள் முகத்துக்கு நேரே ஜன்னல். அவ்வளவுதான் நான் கேட்டது.

நங்கை என்னைச் சற்று நேரம் பார்த்தார். "கொழந்தைங்களுக்கு ஆவும்னா செரி" என்றார்.

வண்டி வந்தது. எதிர்பார்த்தபடி சித்தப்பா வீட்டார் ஒருமுறை எட்டிப் பார்த்து, "வண்டி அழகா இருக்குதுங்க, நம்ம பக்கத்துக்குத் தோது இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகளை உக்கடம் வரை, பேரூர் வரை என்று முன்னால் உட்கார வைத்துப் பழக்கினேன். மார்கழிக் கடைசியில் ஊட்டியில் ஒரு அறைக்குச் சொல்லி வைத்தோம். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கம்பளிச் சட்டையை மட்டும் தானே எடுத்து மடித்து வைத்தாள்.

கிளம்பும் நாள் காலையில் பல்லடம் பஸ்ஸில் நங்கை வந்து இறங்கினார், கையில் தூக்குப் போசி நிறையக் கட்டுச்சோறோடு.

"போன தடவ பருத்தி எடுப்புன்னு வர முடியல. இந்தத் தடவையாவது மலையப் பாத்துப்போடலாம்னு வந்தேன். எடம் இருக்குதா தம்பி?"

"வாங்கக்கா, இருக்குது" என்றார் இவர். வேறென்ன சொல்வார்?

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன். பின்னாடி நொழைய நம்மளால ஆவாது." என் பக்கம் திரும்பினார். "நாங்கெல்லாம் வரக்கூடாதுன்னே தேடிப் புடிச்சு வாங்குன வண்டியாட்ட இருக்குது, இல்லீங்களா அம்மணி?"

நான் சிரித்து வைத்தேன். முன் சீட்டை மடக்கி, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியாட்டப் பின்னால் நுழைந்தேன். பையன்கள் என் இரண்டு பக்கமும் ஏறினார்கள். மகள் மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"ஏஞ் சாமி, ஏறலையா?" என்றார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட நங்கை.

"நான் வரலீங்கத்தை. பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வருமுங்க."

இவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். அந்த வண்டியில் முன்னால் இருப்பவர் இறங்காமல் பின்னால் இருப்பவர் இறங்க முடியாது.

"அவ்வளவுதானா?" என்றார் நங்கை. "என்ற மடில வந்து உக்காரு. வந்தா என்ற சேலைலயே எடு. பர்லியாத்துல தண்ணிக்கா பஞ்சம்? அலசிக்கலாம்."

குழந்தை அவரை நம்பாமல் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

கல்லாறில் வண்டியை நிறுத்தி மூன்று பாக்கு மட்டைகள் பொறுக்கினோம். கூரை மேல் கட்டக் கம்பி இல்லாததால் அவை என் மடிக்கு வந்தன. மலை ஏறத் தொடங்கியது. பின்னாலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் நங்கையின் கொண்டையும் அதன் ஓரத்தில் மகளின் ரிப்பனும்தான். நான் ஒவ்வொரு வளைவிலும் ரிப்பனையே கவனித்தேன். வழியெல்லாம் பருத்தி விலையைப் பற்றிப் பேசி வந்த நங்கை, மூன்றாவது வளைவில் பேச்சை நிறுத்தினார். அடுத்த வளைவில், "தம்பி, சித்த நிறுத்து" என்றார், வேறு யாருடைய குரலோ போல.

கதவைத் திறந்து, மகளை இறக்கிவிட்டு, தானும் இறங்கிச் சாலையோரம் குனிந்தார். நான் உள்ளே மட்டைகளோடு மாட்டிக்கொண்டிருந்தேன். கைக்குட்டையும் தண்ணீரும் தனக்கென்று வைத்திருந்த எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடியது என் மகள்தான்.

"வாயக் கொப்புளிச்சுத் துப்புங்கத்தை. குடிக்காதீங்க" என்றாள். "இந்த எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வாங்க. பள்ளத்தப் பாக்கக் கூடாது. தூரமா அந்த மலையப் பாருங்க. வளைவு வந்தா நான் முன்னாலயே சொல்றேன்."

"கொடல் வெளிய வந்துரும்போல இருக்குது சாமி."

"எல்லாருக்கும் அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள், அதில் அனுபவமுள்ளவளாக.

அங்கிருந்து குன்னூர் வரை அவள் வாய் ஓயவில்லை. "அத்தை, எடது பக்கம் திரும்புது. கண்ணத் தொறங்க. அத்தை, இப்ப வலது பக்கம்." இவர் அவளுடைய குரலுக்கு ஏற்றபடி வண்டியை மெதுவாகத் திருப்பினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்ற இடத்தில் நங்கை இன்னொரு முறை இறங்கினார். மகளுக்கு ஒரு முறைகூட வரவில்லை. அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை.

மறுநாள் விடியுமுன் வண்டிக்கு வெந்நீர் ஊற்றி, கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினார் இவர். ஊருக்கு வெளியே ஒரு சரிவில் போய் நின்றோம். புல் முழுக்க வெள்ளை. மிதித்தால் அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம். மூத்தவன் படத்தில் பார்த்த மாதிரி மட்டை மேல் நின்று பார்த்து விழுந்தான், பிறகு உட்கார்ந்து போனான். சின்னவன் மட்டையை விட்டுவிட்டுப் பனியைத் தின்றான். மகள் சரிவின் உச்சிக்கு ஏறி, மட்டைக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கீழே வரை வந்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, திரும்ப மேலே நடந்தாள். நங்கை இவருடைய கோட்டைப் போர்த்திக்கொண்டு, சூடான பானட்டில் சாய்ந்து நின்று, "காலைத் தூக்கு சாமி, காலைத் தூக்கு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் வந்ததும் புல் பச்சையானது. மலை இறங்கும்போதே மகள் சொல்லிவிட்டாள்: "அடுத்த வருஷமும் வரலாம். அத்தை வந்தாத்தான் நான் வருவேன்."

அப்படியே ஆயிற்று. அந்த வண்டி எங்களிடம் இருந்த வரை ஒவ்வொரு மார்கழியும் நங்கையும் மகளும் முன்னால், நான் பின்னால், மடியில் மட்டைகளோடு. எனக்கு அதில் குறையொன்றும் இருக்கவில்லை. இரண்டு பையன்களின் தலையும் தோளில் சாய்ந்திருக்க, பின் சீட்டு கதகதப்பாக இருந்தது. முழங்கால் மட்டும் வலித்தது.

1966இல் அதே தரகர் நாலு கதவு வண்டி ஒன்றைக் கொண்டு வந்தார். நான் பின் கதவைத் திறந்து, நிமிர்ந்தபடியே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நங்கை வெளியே நின்று அந்தக் கதவின் கைப்பிடியை ஒருமுறை திருகினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா பின்னாடி கதவு இருக்குதுங்களே அம்மணி. கொழந்தைங்களுக்கு ஆவாதல்லோ?"