மதிலைத் தாண்டியவளின் அம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த ஒட்டு வரிசை வீடுகளில், முழுதாக வாசித்து முடிக்கப்பட்ட ஒரே நாவல், பாதிக்கு மேல் படுமோசம். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

தலவாக்கலை டியூஷனில் அக்காவோடு படித்த ஒருத்தி கொடுத்த தடித்த மொழிபெயர்ப்புப் புத்தகம் அது. மந்திரவாதிகள் ஆளும் வருங்கால நகரம், அதைச் சுற்றி மதில், தப்பிக்கத் துடிக்கும் பதினாறு வயதுப் பெண். அட்டையில் அவள் உள்ளங்கையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அட்டையிலேயே விழுந்துவிட்டேன்.

அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார் மாமா. அப்பாவுக்குச் சம்மதம். அக்காவுக்கோ போயே ஆக வேண்டும். அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. கேட்டால் சட்டி கழுவப் போய்விடுவாள். சீக்கிரம் பதில் சொல்லாவிட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்று மாமா போனில் கத்திக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சே குறைந்துபோன அந்த நாட்களில்தான், ஞாயிறு மத்தியானங்களில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அக்கா நாவலைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். அம்மா என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே கேட்பாள். சுவரொட்டிய அடுத்த காம்பரா வீட்டு அத்தையும் வந்து காலை நீட்டிக்கொள்வாள்.

தொடக்கம் என்னமோ பிரமாதம்தான். விடியுமுன் நகரத்தில் சங்கு ஊதும். எல்லாரும் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள். அதிகாரி ஒருவன் பெயரைச் சொல்லாமல் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பான். வீடுகள் ஒரே நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கும்; இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அக்கா குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, எல்லாரும் பயப்படுவதற்கு இடம் விட்டாள்.

"இதுல என்னடி இருக்கு? காலையில பெரட்டுக்குப் போறாங்க, வேல பிரிச்சுக் குடுக்குறாங்க. அதுக்கேன் அந்தப் புள்ள இப்புடி அழுவுது?" என்றாள், தினமும் விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற அத்தை.

கூரை ஒழுகுமா என்று கேட்டாள் அம்மா. அக்கா பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, ஒழுகாது என்றாள். அப்புறம் என்ன குறை அவர்களுக்கு என்று இரண்டு பேருமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்! இது கொடூரமான நகரம், கேட்கிறவர்கள் நடுங்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். அத்தை பெருந்தன்மையாக நடுங்கச் சம்மதித்தாள், அந்த அதிகாரியை நினைத்து மட்டும்.

ஆனால் அந்தப் பெண் மதிலேறிக் குதித்த ஞாயிற்றுக்கிழமை யாரும் மூச்சு விடவில்லை. "ஓடிரு தங்கம், திரும்பிப் பாக்காத!" என்று அத்தை தொடையில் தட்டினாள். அம்மாவின் விரல்கள் என் தலையில் அப்படியே நின்றுபோயின.

அதற்குப் பிறகு நாவலுக்கு என்ன கேடு வந்ததோ தெரியாது. காட்டில் ஓர் இளவரசன் வந்தான். அவன் போதாதென்று அவன் தம்பியும் வந்தான். யாரைக் கட்டிக்கொள்வது என்று அவள் பக்கம் பக்கமாக யோசித்தாள். கையிலிருந்த நெருப்பு ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்கக்கூட உதவவில்லை. அத்தை உட்கார்ந்தபடியே குறட்டை விட்டாள். அம்மா மட்டும் வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அந்தப் புள்ளையோட அம்மா என்ன ஆனாங்க?"

முதல் அத்தியாயத்தில் மகளுக்குத் தலை வாரிவிட்ட அந்த அம்மாவை எழுதியவர் அதோடு மறந்தேவிட்டார். பொறுமையில்லாமல் நான் திருட்டுத்தனமாகக் கடைசி வரை வாசித்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கிரீடம் வைக்கும் பக்கத்தில்கூட அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கிரீடமும் வைத்தாயிற்று, கல்யாணமும் முடிந்தது. அம்மா மறுபடியும் கேட்டாள். அக்கா புத்தகத்தை மூடவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"மதிலைத் தாண்டியவள் அம்மாவை மறக்கவில்லை. மாதம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போனாள்."

"ஐயய்யோ, பொய்! புத்தகத்துல அப்புடி இல்ல!" என்று நான் துள்ளினேன். அம்மா என் தலையை அமுக்கி உட்கார வைத்தாள்.

"நீ சும்மா இருடி. அவ வாசிக்கட்டும்." பிறகு அக்காவிடம், "அந்த அம்மா பயப்படலியா?" என்றாள்.

"பயந்தாங்க. ஆனா தடுக்கல," என்றாள் அக்கா.

அம்மா என் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தாள். பிறகு, மாமாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள்.

எனக்கு ஆறவே இல்லை. அன்றைக்குப் பூராவும் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே அலைந்தேன். பார், நீயே பார், எங்கே இருக்கிறது அந்த வரி என்று நச்சரித்தேன். அம்மாவுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். ஆனாலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும், போடி" என்றாள்.

தெரிந்திருந்தும் ஏன் போகச் சொன்னாள், போகச் சொல்லிவிட்டு அந்தப் பையை மூடும்போது ஏன் அழுதாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.