காற்று அடித்த மணி

"காத்து வந்து மணி அடிச்சிட்டுப் போச்சா? பத்தாவது படிச்சவ சொன்னா நாங்க நம்பிடணுமா?"

மரக்காணம் உப்பள மேஸ்திரி ஒருமுறை என்னிடம் கேட்டது இது. போன வாரம் புதுச்சேரிக் கண்காட்சியில் தானாகவே ஒலிக்கும் மேளம் ஒன்றைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. எல்லோரும் முன்னால் நின்று ரசித்தார்கள். நான் பின்னால் போய், யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தேன்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கர்வத்தை ஒளித்ததில்லை. பரீட்சை முடிந்த லீவில், இடையஞ்சாவடிப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுச் சிற்பி ஒருவர் முதலாளியைக் கேட்டு உப்பள வரப்பில் ஒரு இரும்புச் சிற்பத்தை நட்டார். காற்றில் சுற்றும் தகடுகள், அவை தூக்கிப்போடும் சுத்தியல்கள், குட்டையும் நெட்டையுமாகக் குழாய்கள். சும்மா இவ்வளவு இரும்பை யார் கொடுப்பார்கள்? உளவுக் கருவி என்றார்கள் ஊரில். நானும் அடியில் ஒயர் தேடினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு மேஸ்திரி, மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டுவார். வெயிலில் மின்னும் உப்பின் கண்கூச்சத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, காதுதான் கடிகாரம். திடீரென்று மூன்று நாள், பதினோரு மணிக்கே மணி கேட்டது. பெண்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பேறினார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பாத்தியில்தான் அம்மாவுக்கு வேலை. இவள் வேலைதான், இன்னொரு தடவை அடித்தால் இனி வரவேண்டாம் என்றார் மேஸ்திரி.

எனக்கும் அம்மா மேல்தான் சந்தேகம். செய்யக்கூடியவள். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் மறுநாள் நோட்டோடு வரப்பில் உட்கார்ந்தேன். கடல்காற்று திரும்பியது, சுத்தியல் நெட்டைக் குழாயைத் தொட்டது. அசல் தண்டவாளச் சத்தம். அம்மா பாத்தி நடுவில், குனிந்தபடி இருந்தாள்.

ஓடிப்போய்ச் சொன்னபோதுதான் மேஸ்திரி அப்படிக் கேட்டார். அடுத்த நாள் அவரே தண்டவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். மணி அடித்தது. தன் கைகளையே பார்த்தார்.

வரப்பேறி வந்த அம்மா கேட்டாள்: "உங்க கையிலதான இருக்குது மேஸ்திரி. இன்னிக்கும் நான்தானா?"

அம்மாவின் வேலை தப்பியது. வீட்டுக்கு வரும் வழியில், "யாரப் புடிக்க நோட்டு எடுத்தாந்த?" என்று மட்டும் கேட்டாள். நோட்டை முதுகுப்பக்கம் மறைத்தேன்.

மேஸ்திரி நெட்டைக் குழாயில் சாக்கைச் சுற்றினார். மூன்று நான்கு மழைக்காலத்துக்குள் உப்புக்காற்று சிற்பத்தைத் தின்றுவிட்டது. பிறகு தண்டவாளமும் போய்விட்டது. இப்போது கரண்ட் சங்கு, நிமிஷம் தவறாமல் ஊதுகிறது.

நேற்று வெல்டிங் கடையில் அந்தச் சிற்பத்தைப் படமாக வரைந்து கொடுத்தேன். எதற்கென்று கேட்டவரிடம், காற்று அடிக்கும் மணி என்றேன். நெட்டைக் குழாயை மட்டும், நான் காதில் வைத்திருக்கும் அந்தச் சத்தம் வரும்வரை, கூடவே நின்று அறுக்க வைத்தேன்.